முகூர்த்தப் பொடவையில ஒரு மொழம்

ஷட்டர எறக்காதண்ணா! பரசுராமன் டைலர்னு போர்டு கீதே, நீதான? ஒரே ஒரு ஒட்டு. இரு, இந்த மிஷின புடிச்சிக்கிறேன், உன் கட ஆடுது. ஆடலியா? அப்போ நான்தான் ஆடறேன். போர்ட் பிளேர்லேர்ந்து பாய்மரப் படகுல வந்து காலைலதான் எண்ணூர்ல எறங்கினேன். தரை இன்னும் கடலாவே கீது.

இத்த பாரு, அரக்குப் பட்டு. நாளைக்குக் காலைல காலடிப்பேட்டைல தாலி கட்டு. மாப்ளையோட சித்தி அங்க எடுத்துக் குடுத்துச்சு, பத்திரமா எடுத்தாந்துருன்னு. ஓட்டையப் பாத்தா மாமியாக்காரி பவானியம்மா மண்டபத்தையே கவுத்துடும்.

எலியா? சிரிக்காத. காத்து கடிச்சிது.

கெளம்பறப்போ வாடக் காத்து சும்மா ஜம்முனு தள்ளிச்சு. நடுக்கடல்ல செத்துப்பூட்சு. தண்ணி எண்ண ஊத்துன மாரி. கேப்டன் பிராங்கிளின் அண்ணன் வெரல நக்கி நக்கித் தூக்கிப் பாக்கறாரு, காத்தக் காணோம். நாங்க பாட்டு பாடிகினு, கடல்ல குதிச்சிகினு ஒரே குஜால்!

அப்போ கெழக்கால கருப்பா எழும்பிச்சு பாரு! எங்க நெட்டுக்குப்பத்துல கருப்பு கண்டா கரைக்கு ஓடியாந்துருவோம். நானும் கரைக்கு வுடுண்ணான்னு கத்தறேன், எந்தக் கரைக்கு தாயின்னு கேக்கறாரு!

காத்து அறைஞ்சிது. பாயோட கயிறு என் கைல. வுடு வுடுன்றாரு. எங்கப்பா போட்டுல வல இழுத்தா எதுர இழுத்துதான எனக்குப் பழக்கம்? பல்லக் கடிச்சிகினு இழுத்தேன். டர்ர்ர்! பாய் கிழிஞ்சி பறக்குது. லுங்கி வெச்சித் தெச்சோம், நைஞ்சிபூட்சு. அப்பால இந்தப் பட்டுல ஒரு மொழம் வெட்டி ஒட்டுனோம், அதுதாண்ணா ஊரு வரைக்கும் தாங்கிச்சு.

கொசுவத்துல மறைச்சிக்கறதா? அது முந்தியிலண்ணா! அந்த மழைல எவன் பாத்தான், எது முந்தின்னு?

ஆங், ரவிக்கத் துணி ஒட்டிகினுதான் கீது. அதக் கிழிச்சிருக்கலாம்னு அங்க ஒருத்தருக்கும் தோணல. சரி, அதுலேர்ந்தே வெட்டி ஒட்டு. ரவிக்கைக்கு வேற துணி போடு, மேட்ச் ஆவலைன்னா போவட்டும்.

மாப்ளைக்குத் தெரியுமாவா? கத்தரி போட்டதே மாப்ள வெற்றிதாண்ணா. அதோ, வெளில வெளக்குக் கம்பத்தக் கட்டிப் புடிச்சிகினு நிக்கறான் பாரு, அவனுக்கும் தரை ஆடுது.

பொண்ணு அழுவாதாவா? அழுவறனா நானு? இன்னாண்ணா முழிக்கற, டேப்ப எடு. ரவிக்கக் கைய கொஞ்சம் லூசா வெய்யி, கயிறு இழுத்து என் கை வீங்கிகினு கீது.