ஜும்ஆ நேரத்தில் போன மெயில்

அம்மா, துபாயில் எனக்குச் சாப்பாட்டுக்குக் குறையில்லை. ஏசி ரூம்தான், சளி மட்டும் விடவில்லை. அக்கா வீட்டில் இல்லாத நேரம் பார்த்து தங்கச்சி விஜிதா இதை உங்களுக்கு வாசித்துக் காட்டட்டும்.

"நீ ஹாஜியாருக்கு ஒரு வார்த்த சொல்லுப்பா, அக்காவ திரும்ப வேலைக்கு எடுப்பாரு" என்று நேற்றும் அழுதீர்கள். சொல்ல முடியாது. காரணத்தைக் கேட்டால் நீங்களே ஒத்துக்கொள்வீர்கள்.

மக்கீன் ஹாஜியாரின் மிளகுக் கடைக் கதவுக்கு நான்கு பூட்டு. ஆனால் அந்தக் கடையின் பெயரில் மெயில் அனுப்ப உலகத்தில் யாருக்கும் தடையில்லை. எவனோ ஒருவன் ஹாஜியார் பெயரில் நாலந்தா ஊர் வியாபாரி ஒருவருக்கு மெயில் போட்டு, ஹாஜியார் கணக்கில் ஒரு லொறி மிளகை ஏற்றிக்கொண்டு போய்விட்டான். ஹாஜியார் ஐந்தாவது பூட்டு வாங்கினார்.

அங்கே கணக்கு வேலை பார்த்த சுதர்சினி அக்காதான், "என் தம்பி கம்பியூட்டர் படிச்சவன் ஹாஜியார், அவன் பாத்துக்குவான்" என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். ஒழுங்காகத்தான் செய்தேன். கடைப் பெயரில் எந்த சர்வர்கள் மெயில் அனுப்பலாம் என்று கடையின் இணைய முகவரியில், அதாவது டொமைனில், பதிந்தேன். போகும் ஒவ்வொரு மெயிலிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கையெழுத்து விழவைத்தேன். இவை பொருந்தாத மெயிலை வாசலிலேயே திருப்பிவிடு என்றும் எழுதிவைத்தேன். அதன் பிறகு கடைப் பெயரில் ஒரு மெயில் போய்ச் சேர்ந்தால், அது கடைக்குள்ளிருந்து போனதாகத்தான் இருக்கும்.

"எங்கட பேர்ல இனி ஷைத்தானுக்கும் மெயில் அனுப்ப ஏலாது" என்று ஹாஜியார் வருகிறவர்களிடமெல்லாம் பெருமை பேசினார்.

அக்காவுக்கும் பாடம் எடுத்தேன். தெரிந்த பெயர் என்பதற்காக எதையும் நம்பாதே என்றேன். "தெரிஞ்சவங்களையும் சந்தேகப்பட்டா எப்பிடிடா பொழைக்கிறது" என்று சிரித்தாள். கடையில் மிச்சமிருந்த ஓட்டை அதுதான்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு ஆண்கள் எல்லாரும் பள்ளிவாசலுக்குப் போய்விடுவார்கள். முன்கதவைப் பாதி சாத்திவிட்டு அக்கா மட்டும் இருப்பாள். ஒரு வெள்ளிக்கிழமை நான் போனேன். "இருடா, பிளேன்டீ ஊத்திட்டு வாறேன்" என்று பின்பக்கம் போனாள். ஸ்கிரீனைத் திறந்தபடியே விட்டுவிட்டுப் போனாள். அப்படிச் செய்யாதே என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்.

மிளகுக்கு ஹாஜியார் எந்த விலைவரை இறங்குவார் என்பதை, அவளுடைய மெயிலிலிருந்து, அவரிடம் மிளகு வாங்கப் பேரம் பேசிக்கொண்டிருந்த துபாய் கம்பனிக்கு அனுப்பினேன். அனுப்பியதை அழித்தேன். டீயில் சீனி கொஞ்சம் கூடிவிட்டது.

பேரத்தின்போது அந்தக் கம்பனி மெயிலை ஹாஜியாருக்கே காட்டியது.

"தம்பி, இது கள்ள மெயில்தானே? நல்லா பாருங்க. அந்தப் புள்ள இப்பிடிச் செய்யாது" என்றார்.

பார்த்தேன். கையெழுத்து சரி. அனுப்பிய சர்வரும் சரி. "கள்ள மெயில் இல்ல ஹாஜியார். உள்ளுக்குள்ள இருந்துதான் போயிருக்கு. வெள்ளிக்கிழம, ஜும்ஆ நேரம்" என்றேன். ஒரு சொல்கூடப் பொய்யில்லை. பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை என்பது உங்களுக்கே தெரியும்.

எல்லாரும் அக்காவைப் பார்த்தார்கள். அன்றைக்கு நான் வந்துபோனதை அவள் சொல்லவில்லை. தம்பியின் பெயரை இதில் இழுக்கக்கூடாது என்று நினைத்திருப்பாள்.

வேலை போனது. பெண் கேட்டு வந்தவர்களும் போனை எடுப்பதில்லை. வருத்தம்தான். எனக்கு விசா எடுத்துத் தந்தது அந்தக் கம்பனிதான். இவர்களுடைய டொமைனையும் இப்போது நான்தான் காக்கிறேன்.

அக்கா அனுப்பவில்லை என்று இப்போது சொன்னால், நான் போட்ட காவலே பொய் என்றாகிவிடும். ஒரு நல்ல தொழில்நுட்பத்தின் பெயரைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

நேற்று அக்காவிடமிருந்து மெயில் வந்தது. "நீ கவலப்படாத, நேரத்துக்குச் சாப்பிடு. உன் பேர நான் எங்கயும் சொல்லல." அனுப்பியது உண்மையிலேயே அவள்தானா என்று சரிபார்த்த பிறகுதான் நம்பினேன். இந்தக் காலத்தில் யாரையும் நம்ப முடிவதில்லை, அம்மா.