உங்க வாசனையா, எங்க வாசனையா

எனக்குச் சின்ன வயதிலிருந்தே மூக்கு கூர்மை, மேடம். தெருமுனையில் நின்றே யார் வீட்டில் கருவாடு வேகிறது, யார் வீட்டில் பருப்பு அடிப்பிடிக்கிறது என்று சொல்லிவிடுவேன். நைனா குடித்துவிட்டு வருகிற நாளில் அவருடைய செருப்புச் சத்தத்துக்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிடும். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் காலேஜ் படி ஏறியவள் நான். கெமிஸ்ட்ரி எடுத்ததும் இந்த மூக்கை நம்பித்தான்.

இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். யாரும் கூப்பிடாமல் நான் ஸ்டேஷனுக்கு வந்ததே இதற்காகத்தான். ஸ்ரீதேவி அம்மா ஆஸ்பத்திரியில் கொடுத்த வாக்குமூலத்தில் ஒரு வரி தப்பாக இருக்கிறது. அதைத் திருத்த வேண்டும்.

பைராகிப்பட்டேடாவில் அந்த மாடி வீட்டில் அம்மா தனியாக இருந்தார். மகன் கிரண்குமார் பெங்களூரில். அம்மாவுக்குத் துணையாக இருந்து, சமைத்துப் போட்டு, மீதி நேரத்தில் குரூப் டூ பரீட்சைக்குப் படித்துக்கொள்ளலாம் என்று அந்த மகன்தான் என்னை வேலைக்கு வைத்தார். சத்தியவேடு பக்கத்துப் பெண்ணுக்கு திருப்பதியில் இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

போன அன்று அம்மா என் ஆதார் ஜெராக்ஸை வாங்கிப் படித்தார். எங்கள் ஊர்ப் பெயருக்குப் பின்னால் காலனி என்று ஒரு வார்த்தை இருக்கும். அது வரைக்கும் படித்துவிட்டுக் காகிதத்தை மடித்தார். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டு அம்மாவிடம் தெலுங்கில், "வாசன வஸ்துந்தி காதா?" என்றார். வாசனை வருகிறதல்லவா என்று. என் தலையில் மல்லி இருந்தது. "ஆமாம்மா, எங்க ஊரு மல்லி" என்றேன். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

தெலுங்கு தெரியாதவள் இல்லை நான். சந்தையிலும் பஸ்ஸிலும் பேசி வளர்ந்தவள்தான். ஆனாலும் காது பிறந்த வீட்டுப் பக்கம்தான் சாயும். தெலுங்கில் வெறுமனே வாசன வருகிறது என்றால் நாற்றம் என்று அர்த்தம். அது எனக்கு உறைக்கும்போது நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்து முடித்திருந்தேன்.

அதற்குப் பிறகு அது வீட்டு வேடிக்கையாகிவிட்டது. எதையாவது முகர்ந்து பார்க்கச் சொன்னால், "மீ வாசனா, மா வாசனா?" என்பார். உங்க வாசனையா, எங்க வாசனையா என்று. உங்களுடையது தமிழ், அதனால் நறுமணம். எங்களுடையது தெலுங்கு, அதனால் நாற்றம்.

அம்மா என்னைத் திட்டியதில்லை. சாப்பாட்டில் குறை வைத்ததில்லை. நான் எழுந்து போன நாற்காலி மீது ரூம் ஸ்ப்ரே அடிப்பார், அவ்வளவுதான். பாத்ரூமில் ஒரு கட்டி, படுக்கையறை பிளக்கில் ஒரு லிக்விட், ஹாலில் தானாகவே புஸ் என்று அடிக்கிற டப்பா. மல்லி, லாவண்டர், எலுமிச்சை. ஏசி போடுகிற வீடு, ஜன்னல் திறப்பதே கிடையாது. படித்துக்கொண்டிருக்கும்போது நாக்கில் அந்த ஸ்ப்ரே கசக்கும்.

ஹால் டப்பாவுக்கு நேர்கீழே லவ் பேர்ட்ஸ் கூண்டு இருந்தது. அம்மாவுக்கு அவை உயிர். பங்காரம் என்றுதான் கூப்பிடுவார், தங்கம் என்று. அந்த வீட்டில் அம்மா கையில் இருந்து தின்றவை அவை மட்டும்தான். ஒருநாள் வெள்ளைக் குருவி வாலை ஆட்டி ஆட்டி மூச்சு விடுவதைப் பார்த்தேன்.

"பறவைங்களுக்கு நெஞ்சு ரொம்ப மெலிசும்மா. இது காத்துல கலந்துகினே இருந்தா தாங்காது. டப்பாவ அந்தாண்ட மாட்டிடலாம்" என்றேன்.

"வாசன குரிஞ்சி நுவ்வு செப்பாலா?" என்றார். வாசனையைப் பற்றி நீ சொல்ல வேண்டுமா என்று. பக்கத்து வீட்டு அம்மா பிஸ்கட்டை மென்றபடியே சிரித்தார். நான் உள்ளே போய்ப் படிக்க உட்கார்ந்தேன். தெரிந்ததைச் சொல்லிவிட்டேன், என் கடமை முடிந்தது.

வெள்ளைக் குருவி அந்த வாரமே செத்தது.

அதற்குப் பிறகுதான் பால் தீய்ந்தது. நான் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். மொட்டை மாடி வரைக்கும் கரிந்த நெடி. ஓடி வந்தால், அம்மா அடுப்புக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து போனில் சீரியல் பார்க்கிறார். பாத்திரம் கருத்துப்போய்ப் புகைகிறது. மூக்கைக்கூடச் சுளிக்கவில்லை. அப்போது புரிந்தது. கொரோனா காய்ச்சலில் போன மோப்பம் அவருக்குத் திரும்பவே இல்லை. மகனுக்குத் தெரிந்தால் வீட்டைப் பூட்டிவிட்டு பெங்களூருக்கு இழுத்துப் போய்விடுவான் என்று மறைத்து வைத்திருந்தார். வீடு நாறுகிறதோ, தனக்குத் தெரியவில்லையோ என்கிற பயத்தில்தான் அத்தனை ஸ்ப்ரேயும்.

என் கையைப் பிடித்துக்கொண்டார். முதல்முறையாக. சொல்லாதே என்றார். சொல்லவில்லை. அன்றிலிருந்து அந்த வீட்டுக்கு என் மூக்குதான் மூக்கு. தயிர் புளித்ததா, முட்டை கெட்டதா, எல்லாவற்றுக்கும், "ரூபா, மீ வாசனா, மா வாசனா?" பாவமாகத்தான் இருந்தது.

ஒன்று மட்டும் யோசித்தேன். மூக்கே இல்லாதவருக்கு என் மேல் எப்படி நாற்றம் அடித்தது?

இரண்டாவது குருவியும் செத்தபோது மகனிடம் போனில் அழுதார். இந்தப் பெண் வந்ததிலிருந்து வீட்டில் ஒரு வாசன, வாயில்லாத ஜீவன் எப்படித் தாங்கும் என்றார். நான் அந்தப் பக்கம் சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தேன். தேய்த்து முடித்தேன். வட்டமாகவே வந்தன.

மறுநாள் டப்பாவுக்கு பேட்டரி மாற்றினேன். பின்பக்கம் குட்டி சுவிட்ச் ஒன்று உண்டு, எத்தனை நேரத்துக்கு ஒருதரம் அடிக்க வேண்டும் என்று. அதை அடிக்கடி என்கிற பக்கம் தள்ளிவைத்தேன். அது அந்த டப்பாவில் உள்ள வசதிதான், நான் எதையும் சேர்க்கவில்லை. கூண்டு சீக்கிரமே காலியாகிவிட்டது. கருவேப்பிலை மரத்தடியில் நானே குழி தோண்டிப் புதைத்தேன். ஒன்று கையில் இன்னும் சூடாக இருந்தது. அம்மா மடியில் தலையணையை வைத்துக்கொண்டு அழுதார். காபி போட்டுக் கொடுத்தேன்.

அப்புறம் அந்த வியாழக்கிழமை. முந்தைய ராத்திரி, கீழே என் அறைக்குப் படுக்கப் போகும் முன்னால் சிலிண்டர் மாற்றியது நான்தான். ரெகுலேட்டர் சரியாக உட்காரவில்லை. அது வேண்டுமென்று செய்ததில்லை. இதையும் எழுதுங்கள், எனக்கு நியாயம் முக்கியம். காலையில் கோலம் போட்டுவிட்டு மேலே ஏறும்போது பாதிப் படியிலேயே நெடி முகத்தில் அறைந்தது. சமையல்கட்டுக் கதவு சாத்தியிருந்தது. அந்த கேஸுக்கு இயல்பாக மணம் கிடையாது, மேடம். கசிந்தால் மனுஷனுக்குத் தெரிய வேண்டும் என்றே கெட்ட நெடியைக் கலக்கிறார்கள். காலேஜில் படித்திருக்கிறேன்.

பூஜை அலமாரி சமையல்கட்டுக்குள்தான். குளித்துவிட்டு ஈரத்தலையில் துண்டோடு அம்மா வந்தார். கையில் தீப்பெட்டி. கதவருகில் நின்று பழக்கப்படி கேட்டார், "ரூபா, மீ வாசனா, மா வாசனா?"

"எங்க வாசனதாம்மா" என்றேன்.

சிரித்தார். நல்ல சிரிப்பு அது. பங்காரம் என்றார் என்னை.

சொன்ன சொல் பொய்யாகிவிடக் கூடாது என்று ஹாலில் மல்லி ஸ்ப்ரேயை ஒருமுறை அழுத்தினேன். பால் வாங்கி வருகிறேன் என்று கீழே இறங்கினேன். சத்தம் கேட்டபோது கடை வாசலில் இருந்தேன். கடைக்காரர் கையிலிருந்த பாக்கெட் கீழே விழுந்தது. நான் எடுத்துக் கொடுத்தேன்.

கோபத்தில் செய்ததாக எழுதாதீர்கள். கோபமெல்லாம் எனக்கு எப்போதோ போய்விட்டது. அவர் கேட்டார், நான் பதில் சொன்னேன்.

அம்மா சாவதற்கு முன்னால் பேசியிருக்கிறார். பக்கத்தில் இருந்து எழுதியவர் உங்கள் கான்ஸ்டபிள் வெங்கடசாமி. நகரிக்காரர், எங்கள் பேச்சு பேசுகிறவர். நேற்று என்னைத் தேடி வந்து ஆறுதலாகச் சொன்னார்.

"பயப்படாத பாப்பா, அந்தம்மா உன்மேல தப்பே சொல்லல. அந்தப் புள்ள பாவம், அவங்க இருக்கிற எடத்துல நாத்தத்துலயே பொறந்து வளந்தவங்க, மூக்கு மரத்துப் போயிருக்கும், அவளுக்கு எப்படித் தெரியும்னு சொல்லிக்கினே கண்ணு மூடிட்டாங்க."

நல்ல மனசு என்றார் வெங்கடசாமி. கேஸ் முடிந்துவிட்டது, ஊருக்குப் போய்ப் படி என்றார்.

ராத்திரி துன்ன முடியவில்லை. பஸ் ஏறாமல் இங்கே வந்துவிட்டேன்.

அந்த வரியை அடித்துவிடுங்கள், மேடம். வேண்டுமென்றால் கண்ணைக் கட்டி எதையாவது நீட்டுங்கள், சொல்கிறேன். உங்கள் மேஜை டிராயரில் வாழைப்பழம் ஒன்று கனிந்துபோய்க் கிடக்கிறது. வெளியே யாரோ இப்போதுதான் பீடி அணைத்தார்கள். கொன்றாள் என்று எழுதிக்கொள்ளுங்கள். தெரியவில்லை என்று மட்டும் எழுதாதீர்கள்.