ஏழாம் எண்ணை நீக்கிய அக்காவுக்கு

அலைவரிசைகளை அலசி ஆராய்ந்தவரே! ஆதாரமில்லாத வரியை அடுத்த பக்கம் போகவிடாதவரே! காப்புரிமைப் பிரிவின் கண்ணே! எங்களுக்குள் 'பூதக்கண்ணாடி' என்றும் நேரில் 'அக்கா' என்றும் நாங்கள் அழைத்த அன்பு மூத்தவரே! பணி நிறைவு பெறும் உங்களுக்கு எங்கள் வணக்கம்.

முப்பத்தோர் ஆண்டுகள் இங்கே பணியாற்றினீர்கள். நம் தொழில்நுட்பத்தைக் கைபேசிக்குள் வைத்து விற்றுவிட்டு, உரிமம் பெற மறுக்கும் நிறுவனங்களோடுதான் நமக்கு வழக்கு. எது உண்மையிலேயே கைபேசிக்குள் இருக்கிறது, எது இல்லை என்று சோதித்துச் சொல்வது உங்கள் வேலை. சோதனைக்கூடத்தில் நீங்கள் பிரித்துப்போட்ட கைபேசிகள் ஏராளம். திரும்பப் பூட்டியவை நான்கோ ஐந்தோ.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன், பன்னிரண்டு காப்புரிமைகளை வைத்து ஒரு பெரிய தயாரிப்பாளர் மீது வழக்குத் தொடுத்தோம். அவற்றில் ஏழாவது உங்கள் சொந்தக் கண்டுபிடிப்பு: பயணத்தில் பேச்சு அறுந்துபோகாமல் ஒரு கைபேசிக் கோபுரத்திலிருந்து அடுத்ததற்கு இணைப்பு மாறும் முறை. அதன் சான்றிதழ் உங்கள் மேசைக்கு மேலே சட்டமிட்டுத் தொங்கியது. வழக்கே அதை நம்பித்தான் இருந்தது. விசாரணைக்கு இரண்டு நாள் இருக்கையில் ஒரு பக்கக் குறிப்போடு வந்தீர்கள்: 'எதிர்த்தரப்பின் கைபேசி வேறு முறையில் மாறுகிறது. ஏழாம் எண்ணை நீக்கவும்.'

மேலாளர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "அதுல உங்க பேரு இருக்கேம்மா, விட்டுடுங்களேன்" என்று கெஞ்சினார். "என் பேரு இருக்கிறதாலதான் சார் சொல்றேன்" என்றீர்கள். சான்றிதழைச் சுவரிலிருந்து நீங்களே கழற்றினீர்கள்.

சொந்தக் கண்டுபிடிப்பையே நீக்கியவர் சரிபார்த்த பட்டியல் என்பதால், மீதிப் பதினொன்றை எதிர்த்தரப்பால் அசைக்க முடியவில்லை. வழக்கு நம் பக்கம்தான் முடிந்தது. ஆனால் நான்கு ஆண்டுகள் இழுத்தடித்த பிறகு. அதற்குள், ஏழாம் எண்ணை நீக்கியதையே காரணம் காட்டி, உங்களுக்கு வரவேண்டிய தலைமைப் பதவி என்னிடம் வந்துவிட்டது. ஒருநாள்கூட அதைச் சொல்லிக்காட்டியதில்லை நீங்கள். எனக்குத்தான் இன்றுவரை உறுத்துகிறது. இந்த மடலை எழுதும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அக்கா! கண்ணும் கையும் தளராமல், வீட்டுக்காரரின் கைபேசியை மட்டும் பிரிக்காமல், நெடுங்காலம் நலமாக வாழுங்கள். உங்கள் மேசைக்கு மேலே அந்த ஆணி ஒன்பது ஆண்டுகளாக வெறுமனே இருந்தது. இன்று காலை, அந்த ஒரு பக்கக் குறிப்பைச் சட்டமிட்டு அதில் மாட்டினோம். கழற்றச் சொல்வீர்கள் என்று தெரியும். அதற்கு இனி உங்களுக்கு அதிகாரமில்லை.

என்றும் உங்கள் சோதனைக்கு உட்பட்ட,
காப்புரிமைப் பிரிவுப் பணியாளர்கள்