ஸ்வெட்டர் போட்ட தயிர்

எங்கள் வீட்டில் முப்பத்தொரு வருஷமாக வம்சம் அறாமல் உறைந்துவரும் தயிர்ப் பாத்திரத்தின் மேல் கைவைத்துச் சொல்கிறேன்: கீழே உள்ளதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. மச்சான், நீங்கள் கோர்ட்டில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுதிக் கொடுத்தால்தான் நம்புவீர்கள். அதனால் எழுதுகிறேன்.

உங்கள் பெரியக்காவுக்கு நான் நல்ல கணவன். இதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தயிரை நீங்களும் சாப்பிட்டிருக்கிறீர்கள். பாத்திரத்தைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் அசையாது. குழாய் ரிப்பேருக்கு வந்தவர் கசிவை அடைக்க ஒரு கரண்டி கேட்டு வாங்கினார். அந்தக் குழாய் இன்றுவரை ஒழுகவில்லை. கல்யாணமான மறுநாள் ஊற்றிய உறை. உங்கள் பெரியக்கா தினமும் ஒரு கரண்டி மிச்சம் வைத்து, அதையே அடுத்த நாள் பாலுக்கு உறையாக ஊற்றுவாள்.

எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. குளிர் காலம் வந்தால்தான் சிக்கல். குளிரில் பால் உறையாது என்று என் ஒரே ஸ்வெட்டரை எடுத்துப் பாத்திரத்துக்குப் போட்டுவிடுவாள். கைகள் இரண்டையும் முன்னால் கட்டி, காலரையும் இழுத்துவிடுவாள். எனக்கு ஒரு நாளும் காலரை இழுத்துவிட்டதில்லை. நடுங்கிக்கொண்டே கேட்டால் பதில் இதுதான்:

"அதுங்க சின்ன உயிருங்க. நீங்க பெரிய ஆள்தானே, தாங்கிக்குவீங்க."

இருபத்தேழு குளிர் காலம் தாங்கினேன். அவசரப்பட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது.

நான்கு வருஷத்துக்கு முன் உங்கள் சின்னக்கா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது, அக்கா தங்கை இருவரும் கண் டாக்டரைப் பார்க்கக் கிளம்பினார்கள். உறை ஊற்றும் வேலை என்னிடம் வந்தது. பாலைக் காய்ச்சி ஆறவைத்து, அதில் சுண்டுவிரலை விட்டுப் பத்துவரை எண்ண முடிந்தால் ஊற்றலாம் என்று உங்கள் பெரியக்கா சொல்லிப் போனாள். விரலை விட்டேன். ஒன்று என்பதற்குள் எடுத்துவிட்டேன். எனக்குப் பத்துவரை எண்ண நன்றாகவே தெரியும்.

கொதிக்கும் பாலில் கடைசிக் கரண்டி உறையையும் வழித்துப் போட்டேன். கோடிக்கணக்கான உயிர்கள் என்கிறார்கள். சத்தம் எதுவும் கேட்கவில்லை. பாத்திரத்துக்குக் குளிர் தெரியப்போவதில்லை என்பதால் ஸ்வெட்டரை நான் போட்டுக்கொண்டேன். நல்ல கதகதப்பு.

பிறகுதான் கால் லிட்டர் தயிர் வாங்கத் தெருமுனைக் கடைக்குப் போனேன். வேறு பால் காய்ச்சி, இந்த முறை பத்துவரை ஒழுங்காக எண்ணி, கடைத் தயிரை உறையாக ஊற்றினேன்.

மறுநாள் உங்கள் பெரியக்கா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் பாத்திரத்தின் மேல் புறங்கையை வைத்துப் பார்த்தாள். பிறகு, "யாரோ கை வச்சிருக்காங்க, தயிருக்கு உடம்பு சரியில்லை" என்றாள்.

நான் யார் மேலும் பழி போடவில்லை. "உன் தங்கச்சி கரண்டியோட அங்கே நின்னா" என்று மட்டும் சொன்னேன். நின்றது உண்மைதான், காப்பிக்குச் சர்க்கரை போட்டுக்கொண்டிருந்தாள். எச்சில் கரண்டி என்பதை உங்கள் பெரியக்காவே சேர்த்துக்கொண்டாள்.

அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது. ஒரே பேருந்தில் ஏற நேர்ந்தால் ஒருத்தி இறங்கிவிடுவாள். நடுவில் எத்தனையோ முறை சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் தங்கையோடு பேசாததில் உங்கள் பெரியக்காவுக்கு நேரம் மிச்சமாகி, தயிருக்கு ஒரு மாதம் பத்தியம் பார்த்துப் பிழைக்கவைத்துவிட்டாள். அவளே நம்புவதை நான் ஏன் கெடுக்க வேண்டும்?

திங்கட்கிழமை உங்கள் சின்னக்காவுக்கு ஆபரேஷன். அக்காவைப் பார்க்காமல் உள்ளே போகமாட்டேன் என்கிறாளாம். இவளோ, முதலில் அவள் தப்பை ஒத்துக்கொள்ளட்டும் என்கிறாள். நீங்கள் விசாரணைக்கு வந்து, யாருக்காவது ஏதாவது தெரியுமா என்று என்னைப் பார்த்துக் கேட்டீர்கள்.

தெரியும். கொன்றது நான். இதை உங்கள் பெரியக்காவிடம் படித்துக் காட்டுங்கள், கையோடு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். நான் அப்போது வெளியூரில் இருப்பேன். ஸ்வெட்டரையும் எடுத்துப் போகிறேன்.

ஒரு விவரம் பாக்கி. முதல் வரியில் நான் கைவைத்துச் சத்தியம் செய்த முப்பத்தொரு வருஷத் தயிருக்கு வயது நான்கு.