பத்தால் வகுத்தால்

நீச்சல்குளத்துத் தண்ணீர் முப்பத்தொரு டிகிரியில் இருந்தால்தான் சுகம். மேலே போனால் சூப், கீழே போனால் தண்டனை. இதை எழுதிக்கொள்ளுங்கள் ஐயா, பின்னால் தேவைப்படும்.

ஒரு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் நாற்பது வருஷம் பாய்லர் பார்த்தவன் நான். நான் விட்ட நீராவியை ஒரே குழாயில் அடைத்திருந்தால் நிலாவை இரண்டு அடி நகர்த்தி வைத்திருக்கலாம். இப்படித்தான் பேசுவேன். வெறும் உண்மை சப்பென்று இருக்கும். கொஞ்சம் காற்றடித்துக் கொடுத்தால் உருண்டோடும். அதற்காக என் தங்கையின் கணவர், எங்கள் மாப்பிள்ளை, எனக்கு வைத்த பெயர் பத்து மடங்கு. நான் எதைச் சொன்னாலும் பத்தால் வகுத்துக்கொள்ள வேண்டும் என்பது அந்த வீட்டுச் சட்டம். தங்கை வகுத்தாள், அவள் பிள்ளைகள் வகுத்தார்கள், கடிதம் கொண்டுவரும் தபால்காரர்கூட வகுத்தார்.

ஓய்வு பெற்றபின் அவர்கள் வீட்டுப் பின்னறையில்தான் இருந்தேன். ஜன்னலைத் திறந்தால் நீச்சல்குளம். இரண்டு வருஷத்துக்கு முன் மாப்பிள்ளைக்கு இதயத்தில் அடைப்பு; ஸ்டென்ட் வைத்தார்கள். தினமும் நீந்துங்கள், ஆனால் வெதுவெதுப்பான தண்ணீரில் மட்டும், குளிர்ந்த தண்ணீர் ஆகவே ஆகாது என்றார் மருத்துவர். அதனால் கூரைமேல் சோலார் ஹீட்டர் போட்டுக் கொடுத்தேன். பார்க்கக் கறுப்புப் பாய் விரித்த மாதிரி இருக்கும். உள்ளே நூல் நூலாகக் குழாய்கள். பம்பு குளத்து நீரை மேலே ஏற்றும், வெயில் சுடவைக்கும், சூடான நீர் கீழே இறங்கிவிடும். பொழுது சாய்ந்தால் டைமர் பம்பை நிறுத்திவிடும்.

முப்பத்தொன்று வரும் என்றேன்.

"அப்போ மூணு டிகிரி. பென்குயின் வளர்க்கலாம் மச்சான்" என்றார்.

முப்பத்தொன்றே வந்தது. வந்த விருந்தாளிகளிடமெல்லாம் அது தன்னுடைய யோசனை என்று சொன்னார். அதற்காக இல்லை ஐயா. அதை மன்னித்துவிட்டேன்.

போன மாதம் எனக்கு நெஞ்சு வலித்தது. மாரில் யானை உட்கார்ந்திருக்கிறது, காரை எடுங்கள் என்றேன். டிவியிலிருந்து அவர் கண்ணை எடுக்கவில்லை.

"யானையைப் பத்தால வகுத்தா ஒரு ஆட்டுக்குட்டி. இறக்கி விட்டுட்டுப் படுங்க மச்சான்."

தங்கை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மறுநாள் நானே பஸ் ஏறி மருத்துவரிடம் போனேன். வெறும் வாயு என்றார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மாப்பிள்ளை வகுத்தது சரியாக இருந்தது.

அடுத்த வாரம் இருவரும் மகன் வீட்டுக்குப் போனார்கள். நல்ல குளிர்காலம், இரவில் புல்லெல்லாம் உறைபனி. ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது: பகலில் சூட்டை வாங்கித் தரும் அதே பாய்கள், இரவில் தண்ணீரை ஓடவிட்டால் சூட்டையெல்லாம் வானத்துக்குத் தூக்கிக் கொடுத்துவிடும். டைமரைத் திருப்பி வைத்தேன்; பகலில் ஓய்வு, இரவில் வேலை. சூடு போகாமல் குளத்தை மூடும் மேல்விரிப்பைச் சுருட்டி ஓரமாக வைத்தேன். தண்ணீரில் மிதக்கும் வெப்பமானியை, அது வாத்து வடிவத்தில் இருக்கும், தினமும் ஒருமுறை பார்த்துக் குறித்துக்கொண்டேன். அந்த ஏழு நாளும் எனக்கு முப்பது வயது. கடைசி நாள் வாத்து பன்னிரண்டு காட்டியது. இது வகுக்க வேண்டாத எண். பேட்டரி மாற்ற வேண்டும் என்று வாத்தை எடுத்து என் மேசையில் வைத்துக்கொண்டேன்.

அவர்கள் திரும்பி வந்த மறுநாள் காலை, மாப்பிள்ளை தோளில் துண்டோடு வந்தார். தொட்டுப் பார்த்து இறங்கும் ஆள் இல்லை அவர். தொட்டுப் பார்ப்பது என் வேலை, குதிப்பது அவர் வேலை.

"என்ன பத்து மடங்கு, இன்னைக்கு முட்டை வேகுமா?"

"இறங்காதீங்க மாப்பிள்ளை. ஐஸ் தண்ணி. நெஞ்சு நின்னுடும்."

அந்த முப்பத்தொன்றுக்குப் பிறகு அந்த வீட்டில் நான் காற்றடிக்காமல் சொன்ன வார்த்தை அது ஒன்றுதான். கையை மட்டும் வழக்கம்போல அகல விரித்து, கண்ணை உருட்டிச் சொன்னேன்.

"நெஞ்சு நிக்கிறதைப் பத்தால வகுத்தா ஒரு தும்மல்" என்று சொல்லிவிட்டுக் குதித்தார்.

தும்மவில்லை.

தங்கை சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள். "அண்ணா, என்ன சத்தம் அங்க?"

வாழ்நாளில் முதல் தடவையாக ஒன்றைக் குறைத்துச் சொன்னேன். "ஒண்ணுமில்லம்மா. அவருக்குக் கொஞ்சம் குளிருதாம்."

அவள் அதையும் வகுத்துக்கொண்டாள். மிக்சி ஓடத் தொடங்கியது.

இதயம் நின்று மரணம் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் பேசாமல் இருந்திருப்பேன். ஆனால் துக்கம் கேட்க வருகிறவர்களிடமெல்லாம் தங்கை, "அண்ணன் போட்ட சோலார் ரிப்பேர் ஆயிடுச்சு, பாவம், அவர் என்ன பண்ணுவார்" என்கிறாள். அதைக் கேட்டுக்கொண்டு எப்படி உட்கார்ந்திருப்பது? அதனால்தான் இந்த போலீஸ் ஸ்டேஷன் படி ஏறினேன். அது ஒருநாள்கூட ரிப்பேர் ஆனதில்லை. சொன்னதைச் சொன்னபடி செய்தது. டைமரை இன்னும் யாரும் தொடவில்லை, போய்ப் பாருங்கள்.

சிரிக்கிறீர்கள். என் பெயரைத் தங்கை உங்களிடமும் சொல்லிவிட்டாள் போலிருக்கிறது.

மற்றபடி என் மேல் குற்றம் இல்லை. எச்சரித்தேன், அவர் கேட்கவில்லை. ஒரு விரல்கூட அவர்மேல் படவில்லை. இரண்டு முறை கையைத் தூக்கினார். இலை அள்ளும் நீளக் கழி என் நாற்காலியில்தான் சாய்ந்திருந்தது, நீட்டியிருந்தால் எட்டியிருக்கும். எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்று கேட்டீர்கள். ஒரு நிமிஷம் இருக்கும் ஐயா.

இதை மட்டும் பத்தால் பெருக்கிக்கொள்ளுங்கள்.