இடுப்புக்குள்ள கேட்ட சத்தம்

— ரெண்டு வருசமா ஏன் காட்டாம இருந்தீங்கன்னு டாக்டர் கேட்டாரே, அத எங்கிட்டயாவது சொல்லு மாமா.

— பஸ்ஸு ஓட்டறவனுக்கு லீவு எங்க கெடைக்குது தேனு.

— சத்தியவேடு கம்பெனி பஸ்ஸு ஞாயித்துக்கெழம ஓடறதில்ல. புத்தூர்ல ஏறினா இந்தத் திருப்பதி ஆஸ்பத்திரி எவ்ளோ தூரம்? கிளட்ச்ச மிதிச்சி மிதிச்சி, வண்டிய வுட்டு எறங்கறப்ப கதவப் புடிச்சிகினு நிப்ப. தொடையிடுக்குல வலிக்குதான்னு கேட்டா இல்லன்னுவ.

— டாக்டர் சொன்னத திருப்பி ஒரு தபா சொல்லு. எனக்கு மனசு எங்கியோ போயிடுச்சி.

— தொட எலும்போட குண்டு, இடுப்புல ஒரு கிண்ணத்துக்குள்ள ஒக்காந்து சுத்துதாம். அந்தக் கிண்ணத்து ஓரத்துல வாஷர் மாதிரி ஒரு ஜவ்வு கீது. உனக்கு அது கிழிஞ்சிருக்கு. அதான் டக்குன்னு சத்தம், காலு மாட்டிக்கறது, எல்லாம். எக்ஸ்ரேல அது தெரியாதாம், அதுக்குத்தான் ஸ்கேன் எடுத்தாங்க. மொதல்ல ரெஸ்ட்டு, எக்சர்சைஸ்சு. கொறையலன்னா சின்னதா தொள போட்டு தெச்சிடுவாங்க. சில வாரமாயும் போவாத வலின்னா, காலு மாட்டிக்கினுதுன்னா, தள்ளிப்போடாம வரணும்னாரு. கீழ வுழுந்து கால ஊனவே முடியலன்னா அன்னிக்கே வரணும்.

— எக்ஸ்ரேல தெரியாதுன்னு சொன்னாரு இல்ல.

— அதக் கேட்டதும்தான் நீ தலய குனிஞ்சிகின. எக்சர்சைஸ் ரூமுக்கு நம்ம நம்பர் வர நேரமாவும். சொல்லு.

— அந்தச் சத்தத்த நான் மொதல்ல கேட்டது என் இடுப்புல இல்ல தேனு. உங்க அண்ணன் இடுப்புல.

— அப்பாவு அண்ணனா?

— தொண்ணூத்தெட்டு. உனக்கும் எனக்கும் நிச்சயம் ஆன மாசம். நானும் அவனும் சித்தூர் போலீஸ் செலக்சனுக்கு காலைல ஓடுவோம், சாயங்காலம் கபடி ஆடுவோம். அன்னிக்கு அவன் கபடி பாடிகினு வந்தான். நான் கால வாரிப் புடிச்சி முறுக்கினேன். ஒடம்பு ஒரு பக்கம் போச்சி, காலு என் கையிலயே நின்னுடுச்சி. உள்ள டக்குன்னு கேட்டுச்சி. அவன் கத்தல. மண்ண தட்டிகினு எழுந்து சிரிச்சான்.

— வரப்புல வழுக்கிட்டேன்னு வூட்ல சொன்னானே.

— என்ன காட்டிக் குடுக்கக் கூடாதுன்னு அப்டி சொன்னான்.

— சம்மணம் போட்டு ஒக்காந்து துன்ன முடியாது அப்புறம். கால நீட்டிகினு, தட்ட மடியில வெச்சிகினு துன்னுவான்.

— நகரி ஊர்ல ஒரு டாக்டர்கிட்ட நான்தான் கூட்டிகினு போனேன். எக்ஸ்ரேல எலும்பு நல்லா இருந்துச்சி. அவன் பேன்ட் மாட்டிகினு வர்றதுக்குள்ள டாக்டர் எங்கிட்ட சொன்னாரு. எக்ஸ்ரேக்குத் தெரியாத காயமா இருக்கலாம், வேலூர்ல பெரிய ஆஸ்பத்திரில காட்டுங்க, அது வரிக்கும் ஓட வேணாம்னு. நான் தலயாட்டினேன். வெளிய வந்து, ஒண்ணுமில்லயாம் மச்சான், ஓடலாமாம்னு சொல்லிட்டேன்.

— ஏன் மாமா?

— பயம். வேலூர் வரிக்கும் போனா எப்டி ஆச்சின்னு கேப்பாங்க. பையன் கால ஒடச்சவனுக்கு உங்க நைனா பொண்ண குடுப்பாரா? இன்னிக்கு சொல்லலாம், நாளைக்கு சொல்லலாம்னு போச்சி. சித்தூர் கிரவுண்டுல நாலாவது ரவுண்டு ஓடறப்ப அவன் காலு மாட்டிகிச்சி, வுழுந்துட்டான். நான் அவனத் தாண்டி ஓடினேன். கடைசில எனக்கும் வேல கெடைக்கல. எலும்பு நல்லா கீறவன் ஏன் நொண்டறான், நடிக்கிறான்னு ஊர்ல பேசனாங்க. நான் பக்கத்துல நின்னு கேட்டுகினு இருந்தேன்.

— அப்புறம் பெங்களூரு போனான்.

— கம்ப்யூட்டர் கம்பெனிக்கெல்லாம் பில்டிங் எழும்பிகினு இருந்த நேரம். நமக்குக் கல்யாணம் ஆன மூணாம் மாசம், சாரத்துலேருந்து வுழுந்து செத்துட்டான்னு சேதி வந்துச்சி. சாரத்துல அவங்கூட நின்ன கருப்பன் காரியத்தன்னிக்கு எங்கிட்ட தனியா சொன்னான். வழுக்கலியாம். ஒரு கால எடுத்து வெக்கப் போனானாம், அந்தக் காலு வரலியாம்.

— இத நீ எங்கிட்ட சொன்னதே இல்ல.

— எப்டி சொல்றது? ரெண்டு வருசம் முன்ன பஸ்ஸுல இருந்து குதிச்சி எறங்கினேன். என் இடுப்புக்குள்ள அதே சத்தம். அவன் வந்துட்டான்னு நெனச்சேன் தேனு. அன்னிலேருந்து ஒவ்வொரு அடிக்கும் எங்கூடவே நடக்கறான். அவனுக்கு இல்லாத வைத்தியம் எனக்கு இன்னாத்துக்குன்னு வுட்டுட்டேன். இப்ப நீ என்ன வுட்டுட்டுப் போனாலும் தடுக்க மாட்டேன்.

— வேலூர் போவச் சொன்னது அண்ணனுக்குத் தெரியும் மாமா.

— யாரு சொன்னா?

— சித்தூர்ல வுழுந்த மறுவாரம், வலி தாங்காம தனியா அதே டாக்டர்கிட்ட போயிருக்கான். இன்னும் வேலூர் போவலியான்னு அவரு கேட்டிருக்காரு. வூட்டுக்கு வந்து எங்கிட்ட மட்டும் சொன்னான். உம்மேல கோவமே படல. நம்ம திருமல பயந்துட்டான், நீ அவன ஒண்ணும் கேக்காதன்னான்.

— தெரிஞ்சும் ஏன் போவல அவன்?

— பஸ்ஸுல ஏறி எறங்க முடியல, தொணைக்கு வா தேனுன்னு என்னத்தான் கூப்ட்டான். கல்யாணப் பொடவ எடுக்கப் போற நாளு அது. வர முடியாதுன்னுட்டேன். விசயம் வெளிய வந்தா நம்ம கல்யாணம் நின்னுடும்னு பயந்து, நைனாகிட்ட சொல்லி அவன பெங்களூரு மேஸ்திரியோட அனுப்பி வெச்சது நான்தான்.