மஞ்சள் கோடும் அட்டைப்பெட்டியும்

மேலே பெயரும் முகவரியும் கண்ட நான், வயது நாற்பத்தாறு, மனைவியுடன் மேற்படி முகவரியில் குடியிருந்து வருகிறேன். தானியங்கி ஷட்டர் கதவுகள் செய்யும் நிறுவனத்தில் மூத்த நிரலாளராக இருக்கிறேன். இந்த வாக்குமூலத்தை எழுதும் காவல் நிலைய எழுத்தர் முதலில் ‘கம்ப்யூட்டர் ஆபரேட்டர்’ என்று எழுதினார். அது தவறு என்று சொல்லி அடித்துத் திருத்தச் செய்தேன். கதவு எப்போது இறங்க வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று மோட்டாருக்குக் கட்டளை எழுதுவது என் வேலை. கதவைக் கொண்டுபோய்ப் பொருத்தும் ஃபிட்டர் என் மனைவியின் தம்பி. அவனுக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவன் நான்.

மஞ்சள் கோடு என்றால் என்ன என்று ஆய்வாளர் திரும்பத் திரும்பக் கேட்டதால் அவருக்கும் புரியும்படி சொல்கிறேன். நிரல் எழுதும் திரையில், நாம் தட்டச்சு செய்யச் செய்யவே தப்பு தேடிச் சிவப்பிலும் மஞ்சளிலும் கோடு போடும் வசதி ஒன்று உண்டு. அடுப்பில் சட்டி ஏறுமுன்பே உப்பு போதவில்லை என்னும் மாமியார் அது. எங்கள் அலுவலகத்தில் முளைத்து மூன்று இலை விடாதவர்களுக்கு அது இல்லாவிட்டால் கை ஓடாது. எனக்கு அவர்களைப் பார்த்தால் இளக்காரம்தான். என் கணினியில் அதை அணைத்து வைத்திருக்கிறேன்.

ஒரு கிடங்கில் கதவடியில் பூனை போனாலும் கதவு நின்றுவிடுகிறது என்று புகார் வந்தது. அதன் பிறகு சோதித்துப் பார்ப்பதற்காக, ‘அடியில் ஏதாவது இருந்தால் நிறுத்து’ என்ற வரிக்கு மேலே, ‘எதையும் பார்க்காமல் இறக்கி வேலையை முடி’ என்று ஒரு வரி சேர்த்தேன். மேல் வரியிலேயே வேலை முடிந்துவிடுவதால் கீழ் வரி இருந்தும் இல்லாததுதான். சோதனை முடிந்ததும் சேர்த்ததை எடுத்துவிட நினைத்திருந்தேன். எடுக்கவில்லை.

அதன் பிறகு பக்கத்து இருக்கையில் புதிதாகச் சேர்ந்த பெண், அதே நிரலைத் தன் திரையில் திறந்து பார்த்துவிட்டு என்னிடம் வந்து, “சார், நிறுத்தச் சொல்ற வரிக்குக் கீழ மஞ்சக் கோடு போடுது. இந்த வரிக்கு வரவே வராதுன்னு சொல்லுது. ஒரு தடவை பார்த்துடுங்களேன்” என்றார். “கோடு கிழிச்சுக் காட்ட நான் என்ன ஒண்ணாங்கிளாஸா?” என்று கேட்டேன். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. நான் எழுந்து போய்ப் பார்க்கவில்லை.

சம்பவ தினத்தன்று மேற்படி கிடங்கில் புது நிரலை ஏற்றினோம். ஃபிட்டருக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தக் கதவானாலும் முதலில் அடியில் ஒரு காலி அட்டைப்பெட்டியை வைத்து இறக்கிப் பார்ப்பான். பெட்டி நசுங்காமல் கதவு நின்றால்தான் மேற்கொண்டு வேலை. அன்றும் கிடங்கு உரிமையாளர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். “நான் எழுதினதுக்கு அட்டைப்பெட்டி சாட்சியா? எடு மாப்ளே, மானத்தை வாங்காதே” என்றேன். “சரி அத்தான், நீங்க எழுதினா சரியாத்தான் இருக்கும்” என்று சொல்லிப் பெட்டியைச் சுவரோரம் வைத்தான். அதன் பிறகு நான் பொத்தானை அழுத்தினேன். கதவு நின்று காட்டும் என்று உரிமையாளருக்குக் காண்பிப்பதற்காக, அவன் சிரித்துக்கொண்டே தன் வலது கையை அடியில் நீட்டினான். கதவு நிற்கவில்லை. நான் மறுபடி பொத்தானைத் தேடி அழுத்திக் கதவை ஏற்றுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பெட்டி சுவரோரம் ஒரு மடிப்பும் விழாமல் இருந்தது.

அதன் பிறகு மருத்துவமனையில் அந்தக் கையை மணிக்கட்டுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். என் மனைவி என்னிடம் பேசுவதில்லை. அதற்கும் இந்த வழக்குக்கும் சம்பந்தமில்லை.

ஃபிட்டர் படுக்கையிலிருந்து கொடுத்த வாக்குமூலத்தை ஆய்வாளர் எனக்குப் படித்துக் காட்டினார். பெட்டி வைக்க மறந்தது தன் தவறு என்றும் அத்தான் மேல் குற்றம் இல்லை என்றும் அதில் கண்டிருக்கிறது. “இதை நீங்களும் ஒத்துக்கிட்டா உங்க மேல ஒண்ணும் வராது சார். சரிதானே?” என்று ஆய்வாளர் கேட்டார். சரியில்லை. எங்கள் கல்யாணத்தில் பார்த்த நாளிலிருந்தே அவனுக்கு உள்ளதை உள்ளபடி சொல்லத் தெரியாது. அவன் மறக்கவில்லை, மறக்கிற ஆளும் இல்லை. பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டுதான் வந்தான். வைக்க வேண்டாம் என்று சொன்னவன் நான். இப்படிப்பட்ட அரைகுறை வாக்குமூலத்தால் எனக்கு ஆக வேண்டியது ஒன்றுமில்லை என்பதால் அதைத் திருத்துகிறேன். ஆய்வாளர் எழுத்தரை நிறுத்தச் சொல்லிவிட்டு, “நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?” என்று கேட்டார். “எழுதச் சொல்லுங்க” என்றேன்.

மேலே சொன்னவை யாவும் நடந்தது நடந்தபடி. யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ என்னைச் சொல்ல வைக்கவில்லை. படித்துப் பார்த்துப் பிழை இருந்தால் சொல்லும்படி எழுத்தர் தாளை நீட்டினார். தேவையில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதன் பிறகு வாங்கி முதல் வரியிலிருந்து படித்தேன். எழுத்தர் பக்கம் பிழை ஏதும் இல்லை.

(ஒப்பம்)